ராட்நெஸ்ட் வரை இருபது கிலோமீட்டர்

கெரிலின் ஆட்கின்ஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. பெர்த் நகரத்தின் நடுவே, வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லும் கவுன்டரில் இருபத்தொரு வருடமாக வேலை. யார் வந்து நின்றாலும் ஐந்தே நிமிடத்தில் மேற்கு ஆஸ்திரேலியா முழுவதையும் அவர் கையில் கொடுத்துவிடுவாள்.

"கிங்ஸ் பார்க்குக்கு வெயில் தாழப் போங்க, ஆறும் ஊரும் ஒண்ணாத் தெரியும். செப்டம்பர்ல வந்தா வடக்கே காட்டுப்பூ பாக்கலாம். நாளைக்கே ப்ரூமுக்குக் கார் ஓட்டிட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க. ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல!"

ஒருநாள் டென்மார்க்கிலிருந்து வந்த பெண் ஒருத்தி ராட்நெஸ்ட் தீவைப் பற்றி விசாரித்தாள். கெரிலின் ஃபெர்ரி நேரம், சைக்கிள் வாடகை எல்லாம் சொல்லிவிட்டுப் பெருமையாக முடித்தாள்: "வருஷா வருஷம் காட்டஸ்லோ கடற்கரையிலேருந்து எங்க ஊர் ஜனங்க அந்தத் தீவுக்கு நீந்தியே போவாங்க. இருபது கிலோமீட்டர்."

"நீங்க போயிருக்கீங்களா?"

"நானா? நான் ஃபெர்ரியில காபி குடிச்சிட்டே போற ஆளும்மா."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கெரிலினுக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கணவன் ரஸ்ஸிடம், அடுத்த போட்டியில் தானும் தீவுக்கு நீந்தப் போவதாகச் சொன்னாள். ரஸ் பிளம்பர், மீன் பிடிக்க ஒரு சின்ன மோட்டார் படகு வைத்திருந்தான்.

"வெயில் தலைக்கு ஏறிடுச்சா உனக்கு?" என்றான். ஆனால் சனிக்கிழமை காலையில் அவன் படகின் இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்ததைக் கெரிலின் பார்த்தாள். நீந்துகிறவர் கூடவே ஒரு படகும், வழிகாட்டத் துடுப்பு போடும் ஒற்றையாள் படகான கயாக் ஒன்றும் போக வேண்டும் என்பது போட்டியின் விதி. கயாக்குக்குக் கெரிலினின் தங்கை டானியா வந்தாள்.

முதல் வருடம் கடல் அவளை ஏற்றுக்கொள்ளவில்லை. முற்பகலில் தென்மேற்குக் காற்று எழுந்து அலையை நேராக முகத்தில் அடித்தது. உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து வாந்தி எடுத்தாள். பதினாறாவது கிலோமீட்டரில் கண் செருகியது. ரஸ் அவளை அக்குளில் கை கொடுத்துப் படகுக்குள் இழுத்துப் போட்டான். துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு கரை சேரும்வரை அழுதாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மேலாளர் கிரான்ட், "அடுத்த தடவை ஃபெர்ரி டிக்கெட் நான் எடுத்துத் தரேன் கெரி, சலுகை விலையில" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கடலில் இருந்தாள்.

ஜூலைக் குளிரில் தண்ணீர் எலும்பைக் குத்தியது. வாரத்துக்கு நான்கு நாள் விடாமல் இறங்கினாள். காற்று வீசும் மதிய நேரத்தில்தான் பயிற்சி வேண்டும் என்று சனி, ஞாயிறுகளில் வேண்டுமென்றே அலைக்கு எதிராக நீந்தினாள். ஜெல்லிமீன் கொட்டிய தடிப்போடு கவுன்டரில் நின்று வரைபடம் விரித்தாள்.

இரண்டாம் வருடம், பிப்ரவரி. உப்புத் தண்ணீரில் தோல் உரசிப் புண்ணாகாமலிருக்கக் கழுத்திலும் அக்குளிலும் கெட்டியாகக் கொழுப்பு பூசிக்கொண்டு, காலை ஆறரைக்கு இறங்கினாள். அரை மணிக்கு ஒருதரம் டானியா உப்புப் போட்ட உருளைக்கிழங்கை நீட்டினாள். பத்து மணிக்குக் காற்று வந்தது. போன வருடம் தோற்ற பதினாறாவது கிலோமீட்டர் எப்போது கடந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பதினெட்டில்தான் தோள் மரத்தது.

"கை வரலடி, டானியா!"

"கைதானே வரல? வாய் நல்லாத்தானே வருது! பேசாம நீந்து!"

படகிலிருந்து ரஸ் கத்தினான்: "கெரி, தலையத் தூக்கிப் பாரு! கலங்கரை விளக்கம்!"

அவள் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவோம் என்று பயம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஒன்று, இரண்டு என்று நூறு வரை எண்ணினாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். கடைசியில் நீலம் வெளிறியது, அடியில் மணல் தெரிந்தது, விரல் நுனி மணலைக் கீறியது.

எழுந்தாள், விழுந்தாள், மறுபடி எழுந்தாள். பத்து மணி நேரம், பதினொரு நிமிடம். கரையில் நின்ற முன்பின் தெரியாத கூட்டம், ஒலிபெருக்கியில் கேட்ட அவள் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. படகை நங்கூரமிட்ட ரஸ், உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் குதித்து, "என் பொண்டாட்டி! அது என் பொண்டாட்டி!" என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடி வந்தான்.

கேமராக்காரன் ஒருவன் வந்து மறித்தான். "அம்மா, ஜெயிச்ச மாதிரி கையை மேல தூக்குங்க!"

"தூக்க முடிஞ்சா இன்னும் நீந்திட்டே இருப்பேன்டா!"

ரஸ் ஒரு கையையும் டானியா ஒரு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். வலியில் கெரிலின் அலறினாள், அலறிக்கொண்டே சிரித்தாள். அந்தப் படத்தில் அவள் வாய் அகலத் திறந்திருக்கிறது. மூக்கில் கொழுப்பு, முடியில் பாசி. இன்றைக்கும் அது கவுன்டரின் பின்சுவரில்தான் தொங்குகிறது. ஆணி அடித்து மாட்டியவன் கிரான்ட்.