தானாக ஓடக்கூடாத தறி

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மகளிடமிருந்து போன் வந்தது. சேலத்தில் கடைசி வருடம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கிறாள். நூல் அறுந்தால் விசைத்தறியை நிறுத்தும் புரோகிராம்தான் அவளுடைய புராஜெக்ட். குமாரபாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில்தான் அதை ஓட்டிப் பார்த்தாள்.

“அம்மா, என் புராஜெக்டை ஏஐ எழுதுச்சுன்னு காலேஜ்ல நிறுத்தி வச்சுட்டாங்க. இன்னிக்கே மறுபடியும் கூப்பிட்டு விசாரிப்பாங்களாம்.”

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். “நீ எழுதுனியா, அது எழுதுச்சா?” என்றுதான் வாயில் வந்தது. அவள் பதில் சொல்லாமல் போனை அணைத்துவிட்டாள்.

பட்டம் போய்விடுமோ என்று முதலில் பயந்தேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் அவள் போன் அணைந்தே இருந்தது. நேரம் ஆக ஆக, பெண் வீடு வந்து சேர்ந்தால் போதும் என்றாகிவிட்டது. “வந்துருவா, நீ போய் காபி வைய்யி” என்ற என் கணவரும் தறியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார்.

இருட்டும் நேரத்தில் வந்தாள். நான் எதுவும் கேட்காமல் அவள் பையை வாங்கிக்கொண்டேன்.

“முக்காவாசி ஏஐதாங்கம்மா எழுதுச்சு. கரண்ட் போயிட்டு வந்தா தறி தானா ஓடற மாதிரி எழுதியிருந்துச்சு. அப்பா விரல் நசுங்குனது அப்படித்தானுங்களே? அதை நான்தான் மாத்துனேன். இதுல உன் வேலை எதுன்னு கேட்டாங்க. அதைக் காட்டுனேன், பாஸ் போட்டுட்டாங்க.”

கணவர் நகமில்லாத தன் கட்டைவிரலைத் தடவிக்கொண்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அவங்க கேட்டப்ப பதில் இருந்துச்சுங்கம்மா,” என்றாள். “போன்ல நீங்க கேட்டப்பத்தான் ஒண்ணும் வரல.”