சுருள் காட்டிய முட்டை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பூஜ்யத்துக்குப் பெயர் முட்டை. அடையாற்றில் இருக்கும் அந்தக் கூடத்தில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சும் இயந்திரம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை பாய்ச்சும்போதும், திரையின் முன்னால் இருப்பவர் மின்னோட்டத்தின் அளவை உரக்கச் சொல்ல வேண்டும். ஒன்றும் வரவில்லையென்றால் "முட்டை!" என்று கத்துவோம்.

இயந்திரத்தைப் பாகம் பாகமாக மாட்டி எழுப்பியவன் நான். என்னோடு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த நண்பன் கணக்குப் போடுகிற ஆள். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூட அவனுக்குத் தெரியாது. இதை நான் அடிக்கடி சொல்லிக்கொள்வேன், எனக்கு ஆறுதல் வேண்டும் அல்லவா?

கற்றை ஓடும் குழாயைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் மாட்டியிருந்தோம். உள்ளே எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்பதை அது வெளியிலிருந்தே சொல்லிவிடும். குழாய் வெற்றிடமாக இருந்தவரை நல்ல அளவு காட்டியது. உள்ளே பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்து திரியும் வாயுவை, நிரப்பியதும் முட்டை. எலக்ட்ரான்களை உமிழும் எதிர்முனை கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி அதை மாற்றினேன். மறுபடி முட்டை. சுருளையும் கழற்றிப் புதிதாகச் சுற்றினேன். அதற்கும் முட்டைதான்.

வேர்க்கடலை கொறித்தபடி பார்த்துக்கொண்டிருந்த நண்பன், "குழாய் கடைசில ஒரு தகடு வெச்சுப் பாப்போமா மச்சி?" என்றான். சலிப்போடு வைத்தேன். அடுத்த பாய்ச்சலிலும் சுருள் முட்டைதான் காட்டியது. ஆனால் திறந்து பார்த்தால் தகட்டின் நடுவில் கருகிய ஓட்டை. கற்றை அத்தனை நாளும் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

"கற்றை இந்தப் பக்கம் போவுது. பிளாஸ்மால கீற எலக்ட்ரானுங்க அதே அளவுக்கு அந்தப் பக்கம் திரும்பி ஓடுதுங்க. ரெண்டும் கழிஞ்சு வெளிய முட்டை. உள்ள ரெண்டுமே ஓடிக்கினு தான் கீது" என்றான். அந்த எதிரோட்டம் இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய கற்றை தன் காந்தப்புலத்தாலேயே தடைபட்டு நின்றுவிடுமாம். அதையும் அந்த இடத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினான்.

எனக்கு வயிறு எரிந்தது. முழங்கை வரை கிரீஸ் பூசிக்கொண்டவன் நான், ஓட்டை விழுந்தது அவன் பெயரில். கட்டுரையில் முதல் பெயர் அவனுக்கு, வெளிநாட்டு மாநாட்டில் பேசப் போவதும் அவன்தான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் இன்னும் எரிந்தது. இரண்டாவது பெயரை யார் படிக்கிறார்கள்?

மாநாட்டுக்குச் சட்டை எடுக்க என்னையே தியாகராய நகருக்கு இழுத்துப் போனான். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் இடிபட்டுக் கடைக்குள் நுழைந்தோம். நீலச் சட்டை அவனுக்கு எடுப்பாக இருந்தது. வேண்டுமென்றே கடுகு மஞ்சளைக் கையில் கொடுத்து, "இதுதான் சூப்பர்" என்றேன். போட்டுக்கொண்டு வந்தான். பாவி, அதுவும் பொருந்தித் தொலைத்தது.

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"இன்னா மச்சி, ஒரு மாதிரி கீற? மனசுல எதனா கீதா?"

அவன் பேச்சைக் கேட்க முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்றும் இருந்தது, அவனுக்கு விசா கிடைக்கக் கூடாது என்றும் இருந்தது.

"முட்டை" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தான். முட்டைக்கு உள்ளே என்னவெல்லாம் ஓடும் என்று ஊர் உலகத்துக்கே சொல்லப்போகிறவன், என் முட்டையை அப்படியே நம்பி, பில் போடப் போய்விட்டான்.