அண்ணை என்ன சொன்னவர்?

பைரவிக்குப் பொய் சொல்ல வராது. இதை நான் அவளுடைய நற்குணம் என்று சொல்லவில்லை. அவளோடு இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்து பட்டவளின் முறைப்பாடாகச் சொல்கிறேன். குசினியில் மீன் பொரித்துவிட்டு நான் ஜன்னலைத் திறந்து வைப்பேன். வீட்டுக்காரி வந்து மூக்கைச் சுளித்தால் போதும், "ஜெனீற்றாதான் பொரிச்சவள்" என்று பைரவி கேட்கமுன்னமே என்னைக் காட்டிக் கொடுப்பாள். எத்தனை நாள் அவளோடு கதைக்காமல் இருந்திருப்பேன்!

அவள் நயினாதீவு. தகப்பன் வேதநாதக் குருக்கள், கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் பூசை செய்கிறவர். நான் ஊர்காவற்றுறை, அப்பாவுக்குக் கடல்தொழில், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகாவிட்டால் அம்மா சோறு போடமாட்டா. ஊரில் இருந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் கடல் கடக்கிற லோஞ்சில் பக்கத்தில் இருந்தாலும் கதைத்திருக்கமாட்டோம். ஜேர்மனிக்கு, ஹம்பேர்க்கில் படிக்க வந்து, கறித்தூள் வாங்கப் போன கடையில் ஒட்டிக்கொண்டது.

அப்படிப்பட்டவள் ஒரு பொய் சொன்னாள். சொன்னபோது பக்கத்தில் நான் இருந்தேன்.

ஜூன் மாதம் எங்களோடு படிக்கிற அனோஜன் ஒரு திட்டம் போட்டான். காரைநகர்ப் பெடியன், எல்லாரையும் மேய்ப்பவன் மாதிரி நடத்துவான். வெள்ளி இரவு பஸ் ஏறி, சனியும் ஞாயிறும் கொப்பன்ஹேகனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஞாயிறு இரவே திரும்புவது. பைரவி இதைப் போனில் வீட்டுக்குச் சொன்னாள். தகப்பன், "அங்கைதான் அண்ணை ஆஸ்பத்திரியிலை கிடக்கிறார்" என்றார்.

அவருடைய தமையன் சிவசிதம்பரம். சண்டை நாட்களில் டென்மார்க்குப் போனவர், அங்கேயே குடும்பமாகிவிட்டார். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இவர்களுடைய தகப்பன் நயினாதீவில் காலமானபோது, கொள்ளி வைக்கிற உரிமை மூத்த மகனுக்கு. அவர் பறந்து வந்துகொண்டிருந்தார், வழியில் எங்கோ விமானம் பிந்திவிட்டது. பிரேதம் கிடக்கும் வரைக்கும் கோயிலைத் திறக்க ஏலாது. சுவாமி விளக்கில்லாமல் இருக்கிறார் என்று ஊர் முழுக்க நெருக்கியது. இளையவர் கொள்ளி வைத்தார். அடுத்த நாள், தீவுக்கு லோஞ்ச் ஏறுகிற குறிகட்டுவானில் பஸ்ஸால் இறங்கிய தமையனிடம் இறங்குதுறையில் நின்ற யாரோ எல்லாம் முடிந்துவிட்டதென்று சொன்னார்கள். அவர் லோஞ்சில் ஏறவேயில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார். அதன்பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"போய்ப் பார் பிள்ளை," என்றார் குருக்கள். "என்னிலை இன்னும் கோவமோ எண்டு ஒருக்காக் கேள். வேறை ஒண்டும் வேண்டாம்."

அவள் சரியென்றாள். பெரியம்மாவுக்குப் போன் எடுத்து, சனிக்கிழமை பின்னேரம் வருகிறேன் என்றும் சொன்னாள். ஆனால் பஸ்ஸுக்குள் இருந்து நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். "பெரியப்பா என்னை ஏசி அனுப்பினா அப்பாவிட்டை என்னெண்டடி போய்ச் சொல்லுறது?" என்று கேட்டாள். பஸ்ஸைக் கப்பலின் வயிற்றுக்குள் ஏற்றிக் கடலைக் கடந்தார்கள். நயினாதீவுக்குச் சைக்கிளை ஏற்றுகிறதுக்கே லோஞ்சுக்காரன் முகத்தைச் சுளிப்பான் என்று சொல்லி நான் அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். சிரித்தாள். நகத்தை மட்டும் விடவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். தண்ணீர்க் கரையில் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வீடுகள், எங்கே பார்த்தாலும் சைக்கிள், நகரத்தின் நடுவிலே ஆட்கள் குதித்து நீந்துகிறார்கள். வாய்க்கால் வழியே வள்ளத்தில் போனோம். பாலங்கள் அவ்வளவு தாழப் பதிவு, தலையைக் குனியச் சொல்லி வள்ளத்தில் வழிகாட்டிய பெண் கத்திக்கொண்டே இருந்தாள். பிறகு உலகமெல்லாம் பேர்போன கடற்கன்னிச் சிலையைப் பார்க்கப் போனோம். ஒரு கல்லின்மேல் இடுப்பளவு உயரத்தில் ஒரு பிள்ளை குந்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். "உதைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் நடத்திக் கொண்டுவந்தனீ?" என்று அனோஜனைப் பிடித்தேன். பைரவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊரை விட்டு வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

பின்னேரம் ஆனது. ஆஸ்பத்திரி நகரத்தின் மற்றப் பக்கம். அனோஜன் இன்னும் ஒரு கோபுரம் இருக்கிறது, உள்ளே படி இல்லாமல் சுற்றிச் சுற்றி நடந்தே மேலே போகலாம் என்றான். "ஆஸ்பத்திரி நாளைக்கும் இருக்கும்தானே" என்றும் சொன்னான். அவன் பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் அதைக் கேட்டதும் பைரவியின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். தூக்குக்குப் போகிறவனுக்குத் தவணை கிடைத்த மாதிரி. நான் ஒரு வார்த்தை, "போயிட்டு வாடி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் கோபுரம் பார்க்க ஆசை.

நாங்கள் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா போன் எடுத்தா. "வாறியோ பிள்ளை?"

"நாளைக்கு வாறன் பெரியம்மா. இண்டைக்குக் கொஞ்சம் சுணங்கிப்போச்சு."

பெரியம்மா சரி என்றுவிட்டு வைத்துவிட்டா.

ஞாயிறு காலை, அங்கே அந்த மாதத்தில் விடியும் முன்னமே விடிந்துவிடும், வெயில் முகத்தில் அடிக்க அவளுடைய போன் அடித்தது. பெரியம்மா. பெரியப்பா போய்விட்டார். பைரவி கட்டிலில் எழும்பி இருந்தாள். அழக்கூட வரவில்லை. பெரியம்மாவின் குரல் எனக்கும் கேட்டது, அதில் அழுகை இல்லை, கண்டிப்புத்தான் இருந்தது. "இண்டைக்கு உன்ரை அப்பாவின்ரை கோயில் கொடியேற்றம். காப்புக் கட்டுமட்டும் ஒருத்தருக்கும் வாய் திறவாதை. கோயில் காரியம் குழம்பக்கூடாது."

எனக்கு இது விளங்கவில்லை. பைரவிதான் சொன்னாள். சொந்தத் தமையன் செத்த செய்தி காதில் விழுந்த நிமிடமே தகப்பனுக்குத் துடக்கு, சாவுத்தீட்டு. சுவாமியைத் தொட ஏலாது, கொடி ஏற்ற ஏலாது. திருவிழாவுக்கெனக் கையில் காப்புக் கட்டிவிட்டால் பிறகு எந்தத் துடக்கும் அவரைப் பிடிக்காது. ஆனால் காப்பு அவிழ்க்கும் வரைக்கும் கோயிலை விட்டு வெளியே போகவும் ஏலாது. காப்புக் கட்ட இன்னும் ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. அதுவரைக்கும் அவருக்குத் தெரியாமல் இருக்கவேண்டும்.

அவள் சொல்லி முடிக்கவில்லை, தகப்பன் போன் எடுத்துவிட்டார். பின்னால் மேளக்காரர் சுருதி பார்க்கிற சத்தம்.

"அண்ணையைப் பார்த்தனியோ பிள்ளை?"

இல்லை, இன்றைக்குத்தான் போகப்போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆனால் சின்னப் பொய். பழக்கமில்லாதவளுக்குச் சின்னன் பெரிது தெரியவில்லை.

"ஓம் அப்பா."

"என்ன சொன்னவர்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? போர்வையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"உங்களிலை கோவம் ஒண்டும் இல்லையாம் அப்பா."

குருக்கள், "சரி பிள்ளை. சரி. எனக்கு அது காணும். நான் காப்புக் கட்டப் போறன்" என்றார். குரல் உடைந்து போய் இருந்தது. ஆனால் அவ்வளவு சந்தோசமான குரலை நான் அதற்குமுன் அவரிடம் கேட்டதில்லை.

கொடி ஏறியது. அதன்பிறகு பைரவியின் அம்மா கோயிலின் வெளிவாசலில் நின்று செய்தியைச் சொன்னா. அதே நேரம் நாங்கள் மூவரும் பெரியம்மா வீட்டில் இருந்தோம். அனோஜன் உள்ளே வர வெட்கப்பட்டு வாசற்படியிலேயே இருந்துவிட்டான். பெரியம்மா பைரவியை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "மத்தியானம் துடங்கிச் சேட்டுப் போட்டுப் பொத்தானும் பூட்டிக்கொண்டு இருந்தவர்," என்றா. "ஆஸ்பத்திரி உடுப்போடை தம்பியின்ரை பிள்ளையைப் பார்க்கக்கூடாதாம். கதிரையையும் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போடச் சொன்னவர். ஏச இருந்தவரோ, கொஞ்ச இருந்தவரோ, எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

திரும்பி வருகிற கப்பலில் பைரவி கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். நான் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள், உச்சிக்காலப் பூசை முடிந்து, குருக்கள் கோயிலில் இருந்து போன் எடுத்தார். எங்களுக்கு அது காலை, வகுப்புக்கு முன்னம். செத்தவீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறகு, "அண்ணை என்ன சொன்னவர்? வடிவாச் சொல்லு" என்றார். சொன்னதையே திரும்பச் சொன்னாள். அதற்கடுத்த நாளும் கேட்டார். கையில் காப்போடு, ஊரைவிட்டு நகர ஏலாமல், செத்த தமையனுக்கு அழவும் ஏலாமல் இருக்கிற மனிசன். உண்மையை எப்படிச் சொல்ல? பெரியப்பா தன் கையைப் பிடித்தவர் என்றாள். பிறகு, உங்களைச் சுகம் கேட்டவர் என்றாள். இன்னும் என்ன, இன்னும் என்ன என்று அவர் கேட்க, ஒரு நாள் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய், சின்ன வயதில் படைக்கமுன்னம் மோதகத்தைத் தமையன் தின்றுவிட்டுத் தம்பிக்கு அடி வாங்கிக் கொடுத்த கதையைப் பெரியப்பா சொல்லிச் சிரித்தவர் என்று சொன்னாள். அது தகப்பனே அவளுக்குச் சொன்ன கதை. அவர் போனில் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருமினார்.

போனை வைத்ததும் அவள் பல்கலைக்கழகப் படியிலேயே குந்திவிட்டாள். "நான் மனிசியேயில்லை, ஜெனீற்றா. அந்த மனிசனைச் சாகேக்கை காக்க வைச்சிட்டு, செத்தபிறகு அவற்றை வாயாலை நான் கதைக்கிறன்."

திருவிழா முடிந்தது, காப்பும் அவிழ்த்தாயிற்று. இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். தகப்பனோ கேட்பதை நிறுத்தவில்லை. கிழமைக்கு ஒருமுறை, ஏதோ கதைத்துக்கொண்டிருக்கும்போது, "ஓ, அண்டைக்கு அண்ணை..." என்று தொடங்குவார். அவள் மெலிந்து போனாள். வகுப்பில் பேர் கூப்பிட்டால் திடுக்கிடுவாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சை பாரடி," என்றேன். "எங்களுக்கெண்டால் பாவசங்கீர்த்தனம் இருக்கு. கூட்டுக்குள்ளை முழந்தாளிலை இருந்து சாமியாரிட்டை சொல்லிப்போட்டு எழும்பி வந்தால் நெஞ்சு லேசாகிடும். உனக்கு அதுவும் இல்லை. விடுமுறைக்குப் போறம்தானே, நேரே கொப்பரிட்டைச் சொல்லு. நானும் வந்து பக்கத்திலை நிக்கிறன்."

ஆவணியில் ஊருக்குப் போனோம். சொன்னபடியே நானும் லோஞ்ச் ஏறி நயினாதீவுக்குப் போனேன். பைரவியின் அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு உள்ளே போனா. குருக்கள் முற்றத்தில் கதிரையில் இருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். பைரவி அவர் காலடியில் நிலத்தில் இருந்தாள்.

"அப்பா, நான் பெரியப்பாவைப் பார்க்கேல்லை. போகவேயில்லை. ஊர் சுத்திக்கொண்டு திரிஞ்சனான். நான் சொன்னது முழுக்கப் பொய்."

"தெரியும் பிள்ளை" என்றார் குருக்கள்.

நான் தேத்தண்ணியை நிலத்தில் வைத்தேன்.

"நாலாம் திருவிழாவண்டைக்கு அண்ணி போன் எடுத்தவ. சேட்டுப் போட்டுக்கொண்டு இருந்தவர் எண்டு சொன்னவ. பிள்ளையைக் குறை சொல்லேல்லை, கதையோடை கதையாச் சொன்னவ."

"தெரிஞ்சுகொண்டே ஏன் அப்பா ஒவ்வொரு நாளும் கேட்டனீங்கள்?"

"வேறை ஆரிட்டைக் கேக்கிறது?" என்றார். "அவர் என்னை ஏசத்தான் சேட்டுப் போட்டவரோ என்னவோ. இனித் தெரிய வராது. நீ சொல்லேக்கை அண்ணை சொல்லுற மாதிரி இருந்தது. மோதகக் கதை என்ரை கதைதான் எண்டும் தெரியும். எண்டாலும் அவர் சிரிக்கிறது கேட்டது."

பைரவி அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவர் தலையைத் தடவிவிட்டார். உன்னில் எனக்கென்ன கோவம் என்றார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. நான் சொன்னபடிதானே நடந்தது, நெஞ்சில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டாள், கதை முடிந்தது என்று தேத்தண்ணியைக் குடிக்கத் தொடங்கினேன்.

அழுது முடித்துப் பைரவி முகத்தைத் துடைத்தாள். "அப்பா, நீங்கள் விரும்பினால் நான் இனியும் சொல்லுறன். முந்தி மாதிரியே சொல்லுறன்."

குருக்கள் இல்லையென்று தலையாட்டினார். அவருக்குக் கோபம் இல்லை, அதுதான் பார்க்க ஏலாமல் இருந்தது. திருவிழா முழுக்கத் தள்ளி வைத்திருந்த சாவு அப்போதுதான் அவருடைய முகத்துக்கு வந்தது.

"இனி ஏலாது பிள்ளை," என்றார். "எனக்குத் தெரியும் எண்டு நீ அறியாமல் இருக்குமட்டும்தான் எனக்கு அது கேட்டது."

பைரவி திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லச் சொன்னவள் நான்தான்.