மழை கழுவும், வெயில் எரிக்கும், மண் தின்னும்

1. என் மூன்று வரிப் பிரசங்கம்

எழுபதுகளின் கடைசியில் சின்னமனூரில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் ஃபீல்டு மேனாகச் சேர்ந்தேன். சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், திராட்சைப் பந்தலை அண்ணாந்து பார்த்து, "அடிச்சாம்பல் நோய் வந்திருக்கு, நாளைக்கே மருந்தடிங்க" என்று சொல்வதுதான் வேலை. அண்ணாந்து பார்க்கும்போது நெற்றியைச் சுருக்கினால் படித்தவன் மாதிரி இருக்கும். அதைக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன்.

பழத்தில் மருந்து தங்காதா என்று யாராவது கேட்டால் பதில் தயார். "மழை கழுவிரும், வெயில் எரிச்சிரும், மிச்சத்தை மண்ணு தின்னுரும்." இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே இட்டுக்கட்டியது.

மருந்து டப்பாவோடு ஒரு சீட்டு வரும். அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் பஸ் நேரம் குறித்துக்கொள்வேன். முன்பக்கத்தை வாசித்ததில்லை. என் பதிலுக்கும் மேல் சந்தேகப்படுகிறவர்களுக்காக, மருந்தடித்த குலையிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து அவர்கள் கண்முன்னே வாயில் போட்டுக்கொள்வேன். மருந்துக் கடைக்காரர்கள் எல்லாரும் அப்போது செய்த வித்தைதான்.

2. சட்டையில் துடைத்த பழம்

பேச்சியம்மாள் அக்காவுக்கு ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை. கணவர் போனபிறகு தனியாகத்தான் பார்த்தார். பந்தலில் நான்கு கல்லுக்கால்கள் சாய்ந்து நின்றன. அந்த அறுப்பின் பணம் கைக்கு வந்தால்தான் கால் மாற்ற முடியும். இல்லாவிட்டால் அடுத்த காற்றுக்குப் பந்தலே படுத்துவிடும்.

பழம் நிறம் ஏறும் நேரத்தில் இலையில் நோய் வந்தது. மாங்கோசெப் என்ற பூஞ்சை மருந்தை அடிக்கச் சொன்னேன். எப்போது வெட்டப்போகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. அடித்த ஆறாம் நாள் குமுளியிலிருந்து மத்தாயி என்ற மலையாளி வியாபாரி பழம் பார்க்க வந்தார். குலையெல்லாம் மஞ்சள் பூத்த வெள்ளைத் திட்டு.

"இதென்ன, மருந்தோ?" என்றார்.

நான் பிரசங்கத்தை ஒப்பித்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்படியெங்கில் சாரே ஒண்ணு தின்னு காட்டு" என்றார்.

இதற்குத்தானே காத்திருந்தேன். ஒரு பழத்தைப் பறித்தேன். என் கை என்னைக் கேட்காமலேயே அதைச் சட்டையில் நன்றாக ஒருமுறை துடைத்தது. அப்புறம்தான் வாய்க்குப் போனது.

மத்தாயி சிரிக்கக்கூட இல்லை. "மருந்துக்காரரே தொடச்சிட்டுத்தான் திங்குறாரு. எனிக்கு வேண்டா அம்மா" என்று செருப்பை மாட்டினார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. பந்தல் மூலைக்குக் கூட்டிப்போனார். பல வருஷமாகப் பந்தலுக்கு அடிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிய இடம் அது. சுற்றிலும் புல் முழங்கால் உயரம். அங்கே மட்டும் மொட்டைத் தரை.

"இங்கன கலக்குறத விட்டு நாலு வருசமாச்சு. மண்ணு தின்னுரும்னீகளே தம்பி, இங்கன என்னத்தத் தின்னுருக்கு?"

"தெரியலக்கா" என்றேன். அந்த வேலையில் நான் பேசிய முதல் உண்மை அதுதான்.

3. சீட்டின் முன்பக்கம்

அன்றுதான் சீட்டைத் திருப்பினேன். மருந்தடித்த பிறகு எத்தனை நாள் கழித்து வெட்டலாம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. விவசாய ஆபீசர் ஒருவரிடம் போய் மிச்சத்தையும் கேட்டுக்கொண்டேன். மாங்கோசெப் வெயிலிலும் ஈரத்திலும் சிதையும், ஆனால் அடர்ந்த பந்தலுக்கு அடியில் வெயிலே விழாது. மண்ணுக்குப் போனதை நுண்ணுயிர்கள் சிதைக்கும், அதற்கும் நாள் வேண்டும். மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. அது உலோகம், சிதைய அதில் ஒன்றுமில்லை. விழுந்த மண்ணிலேயே கிடக்கும்.

மத்தாயியைத் தேடிக் குமுளிக்குப் பஸ் ஏறி, பன்னிரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று கெஞ்சினேன். தினமும் தோட்டத்துக்குப் போய், அக்காவோடு சேர்ந்து குலையை மறைத்த இலைகளைக் கிள்ளினேன். பழுத்த பழம் மழை பட்டால் வெடிக்கும். மழை கழுவிவிடும் என்று ஊரெல்லாம் சொன்னவன், மழை வரக்கூடாது என்று வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அம்மன் என் பழைய பிரசங்கத்தைத்தான் கேட்டிருப்பாள் போல. ஒன்பதாம் நாள் கொட்டித் தீர்த்தது.

சொன்ன நாளில் மத்தாயி வந்தார். "சாரே, தின்னு" என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குலையிலிருந்தே வாயால் கவ்வித் தின்றேன். அவர் அப்போதுதான் சிரித்தார். வெடிக்காத பழத்தையெல்லாம் எடுத்துக்கொண்டார்.

வெடித்ததை அக்கா கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். "மழை கழுவிரும்னீக. கழுவிருச்சு தம்பி. மூணுல ஒரு பங்கைக் கழுவிருச்சு."

நான்கு கல்லுக்காலில் இரண்டைத்தான் மாற்ற முடிந்தது. மற்ற இரண்டுக்கும் முட்டுக் கொடுக்க நானும் தோள் கொடுத்தேன். அது பரிகாரம் ஆகாது என்று எனக்கும் தெரியும். வெட்கமாக இருந்தது.

இளைய தம்பிகளே, "என்ன நோய்?" என்று கேட்கும் முன்னால் "எப்ப வெட்டப் போறீக?" என்று கேளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

அக்கா அதன்பிறகும் என்னிடம்தான் மருந்து வாங்கினார். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த மொட்டைத் தரையில் என்னை நிறுத்தி, சீட்டின் முன்பக்கத்தை முழுக்க வாசிக்க வைப்பார். நான் முணுமுணுத்தால் விடமாட்டார்.

"சத்தமா வாசிங்க தம்பி. மண்ணுக்கும் கேக்கட்டும்."

நான் கடையை விட்டு வரும்வரை அந்த இடத்தில் புல் முளைக்கவில்லை.