எல்லாத்துக்கும் ஒரே கிட்டார்

கிட்டார் கடையில் வேலை என்றால் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கலாம் என்று நினைப்பீர்கள். கேட்கலாம்தான். வருகிற ஒவ்வொருத்தரும் ஒரே பாட்டின் முதல் வரியை வாசிப்பார்கள், அதுவும் தப்பாக. பன்னிரண்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குப் பாடம் போய்விட்டது. மறுபடி எழுது என்றார் அப்பா. எழுதினாலும் போகும் என்று தெரிந்ததால் டவுன்ஹால் பக்கம் இந்தக் கடையில் சேர்ந்துகொண்டேன். காலையில் வந்ததும் சுவரில் தொங்குகிற கிட்டார்களைத் துடைத்துச் சுருதி சேர்ப்பதும், பிறகு அவற்றை விற்பதும் என் வேலை. துணிக்கடையோ செருப்புக்கடையோ, கவுன்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. வருகிறவர் கையில் இருக்கிற காசு ஒன்று, கண்ணில் படுகிற பொருள் வேறு. நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது நாம்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்

ஸ்டீபன், கணபதி என்கிற பகுதியில் மோட்டாருக்குள் இருக்கிற செப்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, சுற்றுகிற பட்டறையில் வேலை பார்க்கிறவர். இருபத்து நாலு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். சனிக்கிழமைகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார். இரண்டுக்கும் அவர் வாசித்துக்கொண்டிருந்தது இரவல் கிட்டார். அதன் சொந்தக்காரர் திருப்பூருக்கு வேலை மாறிப் போகும்போது கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்னூர் மாரியம்மன் கோயில் நோம்பிக்குள், அதாவது திருவிழாவுக்குள், சொந்தக் கிட்டாரோடு வந்தால் இடம், இல்லாவிட்டால் வேறு பையன் தயாராக இருக்கிறான் என்று குழுவை நடத்துகிற மாஸ்டர் சொல்லிவிட்டாராம்.

“எவ்வளவு வெச்சிருக்கீங்க?” என்று நேராகக் கேட்டேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது. சர்ச்சில் பாதி தருகிறார்கள், எல்லாம் சேர்த்து மூவாயிரம் என்றார். என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டதற்குச் சுவரில் தொங்கியவற்றை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“ஏனுங்க, சனிக்கிழமை கத்தோணும், ஞாயித்துக்கிழமை அழுகோணும். ரெண்டுக்கும் ஒரே கிட்டாரு இருக்குதுங்களா?”

சிவப்பு நட்சத்திரம்

எல்லாரையும் போல அவரும் முதலில் போய் நின்றது நட்சத்திர வடிவத்தில் தொங்கிய சிவப்புக் கிட்டார் முன்னால்தான். அதில் ஒரு கம்பிக் கை உண்டு. அதை அமுக்கினால் சத்தம் வளைந்து நெளிந்து வரும். ஸ்டீபன் அமுக்கினார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் அதற்குச் சுருதி சேர்க்கிறவள் நான்.

“இத அமுக்கினா சத்தம் வளையும், சரிங்க. திரும்பி வராது. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள ஆறு கம்பியும் ஆறு ஊருக்குப் போயிரும். ஒரு கம்பி அறுந்துபோச்சுன்னா மிச்சம் அஞ்சும் அபஸ்வரந்தான். உக்காந்து வாசிச்சுப் பாருங்க, தொடையில நிக்குதான்னு.” உட்கார்ந்தார். நட்சத்திரம் வழுக்கிக்கொண்டு போனது. கல்லாவில் இருந்த முதலாளி இருமினார். நான் நிறுத்தவில்லை. விலை குறைந்த கிட்டாரில் அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கழுத்து வளையாமல் இருக்கிறதா, சுருதி நிற்கிறதா, சுவிட்சைத் தள்ளினால் குரல் மாறுகிறதா என்று பாருங்கள் என்றேன். ஸ்டீபன் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் வாரேன் என்று வெறுங்கையோடு போனார்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அம்மணி, நீ இங்க விக்கறதுக்கு வந்தியா, வெரட்டறதுக்கு வந்தியா?”

கொம்பு

அடுத்த வாரம் ஸ்டீபன் தனியாக வரவில்லை. பாதிக் காசு சர்ச்சுடையது என்பதால் பாஸ்டரும், சபைச் செயலாளரான ஒரு டீச்சரும் கூடவே வந்தார்கள். நான் ஒரு கறுப்புக் கிட்டாரை எடுத்து வைத்திருந்தேன். உள்ளூர்த் தயாரிப்பு, கழுத்து நேர், சுருதி நிற்கும். கம்பிகளுக்கு அடியில் மூன்று பிக்கப். பிக்கப் என்றால் காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும்தான், கம்பியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிற பெட்டி. மூன்றும் மூன்று குரல், சுவிட்சுக்கு ஐந்து இடம். ஸ்டீபன் கேட்ட கத்தலும் அழுகையும் அதில் இருந்தன. வாசித்தும் காட்டினார். டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் மட்டும் கிட்டாரின் மேல்பக்கத்தையே பார்த்தார். அங்கே இரண்டு பக்கமும் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். “ஏனுங்க அம்மணி, இந்தக் கொம்பு இல்லாம வருங்களா?” கை மேல்வரை எட்டுவதற்காக அப்படி வெட்டியிருக்கிறார்கள், கொம்பெல்லாம் இல்லை என்று பட்டென்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. “எனக்குப் புரியுதுங்க. ஆனா கறுப்பா, கொம்போட, சர்ச்சுல பீடத்துக்குப் பக்கத்துல நின்னா சனம் பாட்டக் கேக்காதுங்க” என்றார். ஸ்டீபன் கிட்டாரை மெதுவாகத் திரும்ப மாட்டினார். நோம்பிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். எல்லாருக்கும் தெரியும்.

அப்போது டீச்சர் சுவரின் மூலையைக் காட்டினார். அங்கே அதே அச்சில் ஒரு வெள்ளைக் கிட்டார் தொங்கியது. “பாஸ்டர், அதே கொம்பு வெள்ளையில இருந்தா றெக்க மாதிரியில்லீங்க தெரியுது?”

நடு பிக்கப்

வெள்ளையின் விலை அதிகம். அதனால் மறுபடி ஒரு வாரம் போனது. இந்த முறை மாஸ்டரும் வந்தார், மேடைக்கு எடுக்குமா என்று பார்க்க. டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைதான் தூரத்துக்குத் தெரியும் என்று அவருக்கும் பிடித்துவிட்டது. உடனே முதலாளி, நோம்பிக் காலம், போச்சாது, போனாப் போகுது, மூவாயிரத்துக்கே எடுத்துக்குங்க என்றார். ஸ்டீபன் கண் கலங்கிவிட்டது. நான் தரையைப் பார்த்தேன். முதலாளி என்னை முறைத்தார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “நடு பிக்கப் செத்துப்போச்சுங்க. சுவிட்ச நடுவுல வெச்சா சத்தமே வராது. மத்த நாலு எடமும் பேசும்” என்று சொல்லிப்போட்டேன். முதலாளி அசடு வழிய, “அதுக்காகத்தானுங்க கொறச்சேன். சொல்ல வேண்டாமுன்னு இருந்தேன்” என்றார். மாஸ்டர் எழுந்துவிட்டார். இத்தனை பேர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது கடைசியில் ஊனமாகப் போயிற்று. ஸ்டீபன் சுவிட்சை ஒவ்வொரு இடமாகத் தள்ளி வாசித்துப் பார்த்தார். பிறகு காசை எடுத்து வைத்தார். “அஞ்சு குதிரைசக்தி மோட்டாரையே சுத்தறனுங்க, இத்தனூண்டு காயில சுத்த மாட்டனா?”

அவர்கள் போனதும் முதலாளி காசைக் கல்லாவில் போட்டுப் பூட்டினார். “உண்மை பேசறதுக்குத் தனிச் சம்பளம் கேட்டுப்போடாத அம்மணி.”

அன்னூர் மேடை

ஸ்டீபனால் சுற்ற முடியவில்லை. பிக்கப்புக்கு வேண்டியது தலைமுடியைவிட மெல்லிய கம்பி. பட்டறையில் இருந்தது எல்லாம் அதற்கு முன்னால் தாம்புக் கயிறு. அப்படியே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நோம்பிக்குப் போனார். என் அத்தை ஊடு அன்னூர்தான். நானும் போய்க் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் விற்ற பொருள், நான் பார்க்க வேண்டாமா?

கோயில் மேடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜெனரேட்டர், சுற்றிலும் டியூப்லைட், பாட்டு நின்றதும் கிட்டார் ஒலிபெருக்கியில் ‘ங்ஙொய்ங்’ என்று ஓர் இரைச்சல். நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைப் பாட்டுக்குப் பாட்டு வாசிப்பார்கள். பெயர் கேட்கவில்லை என்றால் சண்டை வரும். முதல் பாட்டில் ஸ்டீபன் கத்தவேண்டிய இடத்தில் கத்தினார், அது எனக்குப் போதும். பாட்டு முடிந்தது. கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்தார். ஸ்டீபன் ஒரு விரலால் சுவிட்சை நடுவில் தள்ளினார். இரைச்சல் அப்படியே நின்றது. பெயர்கள் மணி மணியாகக் கேட்டன. அடுத்த பாட்டுக்குச் சுவிட்ச் பழைய இடத்துக்குப் போனது. சத்தத்தைக் குமிழால் குறைத்தால் மறுபடி அதே அளவுக்கு ஏற்றத் திணற வேண்டும். இதற்கு ஒரு தட்டுப் போதும். கமிட்டிக்காரர் இறங்கிப் போகும்போது மாஸ்டரிடம் அடுத்த வருஷமும் நீங்களே வாங்க என்றார்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். மாஸ்டர் ஸ்டீபன் தோளில் கை போட்டுக்கொண்டு மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “வாசிக்கறதுக்கு ஆயிரம் பேரு இருக்கறானுங்க. சும்மா இருக்கத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தானுங்க. அடுத்து ஆனைமலைக் கச்சேரிக்கும் இவன்தான்.”

கம்பி வாங்க

ஒரு மாசம் கழித்து ஸ்டீபன் கம்பி செட் வாங்க வந்தார். மெல்லிசான செப்புக் கம்பி கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்துவிட்டதாம், ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் கொடுத்தாராம். அப்புறம் ஏன் சுற்றவில்லை என்றேன்.

“வேண்டாமுங்க. சுத்திப்போட்டேன்னா, பாஸ்டரு ஜெபம் பண்றப்ப நான் சுவிட்ச எங்கீங்க வெக்கறது?”

மூவாயிரத்துக்குள் எல்லாம் செய்கிற கிட்டாரை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை; வேண்டிய நேரத்தில் எதுவுமே செய்யாமல் இருக்கிற ஒன்றை மட்டும் விற்றிருக்கிறேன்.