எங்கள் டவுன்ஷிப் பேஷன் வீக்

அடுத்தவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்ப்பதில் எனக்கு அப்படி ஓர் ஆசை. பஸ்ஸில் முன்சீட்டு அம்மாளின் ரவிக்கை முதுகைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். கோயிலில் சாமிக்கு என்ன அலங்காரம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். பக்கத்தில் நின்றவள் என்ன புடவை என்று கேட்டால் பார்டர் நிறத்தோடு சொல்வேன். எனக்குத் தைக்கத் தெரியாது, ஒரு பொத்தான்கூட ஒழுங்காக வைக்க வராது. பார்க்க மட்டும் தெரியும். பார்க்கிறதுக்கும் ஆள் வேண்டும் இல்லையா?

அப்படிப்பட்டவள் காதில், எங்கள் சுரங்க டவுன்ஷிப் மண்டபத்தில் பேஷன் வீக் நடக்கப்போகிறது என்ற செய்தி விழுந்தது. மந்தாரக்குப்பத்தில் டிசைன் பயிற்சி நடத்தும் ஒரு நிலையமும், அக்கம்பக்கத்தில் பொட்டிக் வைத்திருக்கும் சில பெண்களும் சேர்ந்து நடத்துகிறார்களாம். வெள்ளி, சனி, ஞாயிறு. அனுமதி இலவசம். வீட்டுக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்துப் பார்த்து எதையும் ஷிப்ட் கணக்கிலேயே பேசுகிற மனுஷர் அவர்.

“வீக்குன்னா ஏழு நாளாச்சே. மூணு நாள்தான் நடத்துறாங்களா? மீதி நாலு நாளும் ஆஃபா?” என்றார்.

எந்தப் புடவையில் போவது என்ற கவலை எனக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

எதிர் குவார்ட்டர்ஸ் பெண்ணும் அதில் உடைகள் வைக்கிறாள் என்று தெரிந்ததும் கால் தரையில் நிற்கவில்லை. அவளுடைய அப்பாவும் என் வீட்டுக்காரரும் ஒரே சுரங்கத்தில் வேலை. பெண் டிகிரி முடித்துவிட்டு டிசைன் படித்தாள். அப்பாவுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. டவுன்ஷிப் ஆட்களுக்கு உலகத்தில் இரண்டே வகை வேலைதான்: ஒன்று பர்மனென்ட், மற்றதெல்லாம் இரண்டாவது வகை. அவர் மகளுக்கு ஒரு கெடு வைத்தார். அதையும் ரகசியமாக வைக்கவில்லை, எங்கள் வாசலில் நின்றுகொண்டே வைத்தார்.

“நல்லா கேட்டுக்க. இந்த மூணு நாள்ல ஒரே ஒரு ஆளு உன் துணியப் பாத்து எனக்கு வேணும்னு கேக்கட்டும். அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். யாரும் கேக்கலன்னா திங்கக்கெழம பேங்க் பரீட்ச கோச்சிங் சேர்ற. சரியா?”

“சரிப்பா” என்றாள் அவள். அப்பாவுக்குத் தப்பாத பிடிவாதம். அப்புறம் என்னிடம் தனியாக, “கடைசி நாள் பாண்டிச்சேரியிலேர்ந்து ஒரு பெரிய துணிக்கடைக்காரர் வர்றாருங்க ஆன்ட்டி. அவர நம்பித்தான் சரின்னு சொன்னேன்” என்றாள்.

முதல் நாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். முன்வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டு ஆபீசர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் நாற்காலிக்கும் கிரேடு உண்டு. இரண்டாம் வரிசையில் ஓர் ஓரத்தைப் பிடித்து உட்கார்ந்தேன். மேடையிலிருந்து ஹால் நடுவரை பலகை அடித்து வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பாட்டு அதிர, பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை.

எனக்குப் பின்னால் இருந்த அம்மாள், “பாவம், இன்னாத்துக்கு இப்பிடி மொறச்சிகினு வருதுங்க? வூட்ல எதுனா சண்டையா?” என்றாள்.

நான் திரும்பி, “பேஷன் ஷோன்னா சிரிக்கக் கூடாதுங்க. சிரிச்சா நாம மூஞ்சியப் பாப்போம், துணியப் பாக்க மாட்டோம்” என்று பெரிய மேதைபோல விளக்கினேன். எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். அந்த நிமிஷத்தில் எனக்கே தோன்றியதுதான். ஆனால் அந்த அம்மாள் அதற்குப்பின் ஒவ்வொரு உடுப்புக்கும் என்னிடம் அபிப்பிராயம் கேட்கத் தொடங்கினாள். நானும் சளைக்காமல் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் ‘நம் மண்’ என்று தலைப்பு. ஒரு டிசைனர் சுரங்கத்தையே உடுப்பாக்கியிருந்தாள். ஆரஞ்சுப் புடவை, அதில் வெளிச்சம் பட்டால் பளபளக்கும் வெள்ளிப் பட்டை, தலையில் மஞ்சள் ஹெல்மெட். நல்ல கற்பனை. ஆனால் ஹாலில் பாதிப்பேர் சுரங்க ஆட்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை. அந்த மாடல் பாதி தூரம்கூட வரவில்லை, பின்னாலிருந்து ஒரு குரல்: “சின் ஸ்ட்ராப் மாட்டல!”

தாடைக்குக் கீழே மாட்ட வேண்டிய நாடா ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. இன்னொருவர், “மாட்டும்மா மொதல்ல, அப்புறம் நட” என்றார். அதட்டல் இல்லை, உண்மையான அக்கறை. அந்தப் பெண் நடுப்பலகையில் நின்று, நாடாவை மாட்டிக்கொண்டு மறுபடி நடந்தாள். மூன்று நாளில் அதிகக் கைதட்டல் வாங்கிய உடை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைசி நிகழ்ச்சி எங்கள் எதிர் குவார்ட்டர்ஸ் பெண்ணுடைய மணமக்கள் அலங்காரம். அன்றைக்கு வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். இரவு அவருக்கு நைட் ஷிப்ட். அங்கிருந்தே போய்விடலாம் என்று சாப்பாட்டு டப்பா வைத்த டியூட்டிப் பையோடு வந்தார். ரிசப்ஷனுக்குப் போடுகிற சட்டையைத்தான் போட்டிருந்தார், அவரிடம் நல்ல சட்டை என்று இருப்பது அது ஒன்றுதான். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிட்டார். ஷிப்ட் ஆளுக்குத் தூக்கம் கோயில் பிரசாதம் மாதிரி, எந்த இடத்தில் கிடைத்தாலும் வாங்கிக்கொள்வார்.

பாண்டிச்சேரிக் கடைக்காரர் முன்வரிசை நடுவில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா வாசல் தூணில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா மேடைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே மண்டபத்தில்தான் எங்களுக்கு எல்லா ரிசப்ஷனும். அதில் முதல் உரிமை ஷிப்டுக்குப் போகிறவருக்கு. “நைட் ஷிப்டுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரிசை வழிவிடும். இடது படியில் ஏறி, மணமக்கள் பக்கத்தில் நின்று, போட்டோவுக்கு முகத்தைக் காட்டி, வலது படியில் இறங்கினால் நேராகச் சாப்பாட்டுக் கூடம். என் வீட்டுக்காரர் வருஷக்கணக்கில் செய்து பழகிய காரியம்.

நாதஸ்வரம் முழங்கியது. மணப்பெண் வேடத்தில் ஒரு பெண், மாப்பிள்ளை வேடத்தில் ஒரு பையன், இருவரும் மாலையோடு நடந்துவந்து மேடை நடுவில் நின்றார்கள். நான் புடவை பார்டரில் கண்ணாக இருந்தேன். அந்தச் சத்தத்தில் விழித்த மனுஷர் மேடையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பையை எடுத்தார். “நைட் ஷிப்டுங்க, கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே போனார். நான் திரும்புவதற்குள் இடது படியில் ஏறிவிட்டார்.

அவர் அவ்வளவு தைரியமாகப் போனதைப் பார்த்து, நிகழ்ச்சியே அப்படித்தான் போலிருக்கிறது என்று இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பத்துப் பேர். கண்மூடித் திறப்பதற்குள் படியிலிருந்து வாசல்வரை வரிசை. போட்டோ எடுக்க வந்தவரும் எங்கள் ஊர் கல்யாண போட்டோக்காரர்தான். கை பழக்கத்தில் உயர்ந்தது: “சார், கொஞ்சம் உள்ள வாங்க. பைய கீழ வைங்க. எல்லாரும் சிரிங்க.” மூன்று நாளாக முறைத்துக்கொண்டிருந்த மாடல்கள் அப்போதுதான் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் அந்தப் பையன் கையைப் பிடித்துக் குலுக்கி, “அப்பா எந்த மைன்ஸ்?” என்று கேட்டார்.

“சார், நான் கடலூர் காலேஜ்ங்க.”

“அதனால இன்னா, நல்லா இருங்க” என்று ஆசீர்வாதம் செய்துவிட்டு வலது படியில் இறங்கிச் சாப்பாட்டுக் கூடம் தேடிப் போனார்.

என் மானம் கப்பலேறியது. அதைவிட மோசம், பாண்டிச்சேரிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார், போனைக் காதில் வைத்தார், எழுந்து போய்விட்டார். திரைக்குப் பின்னாலிருந்து எதிர் குவார்ட்டர்ஸ் பெண் எட்டிப் பார்த்தாள். அவர் போவதை அவள் பார்த்த பார்வை எனக்குத் தாங்கவில்லை. ஒரு தூக்கக்கலக்கத்தில் அந்தப் பெண்ணின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டாரே பாவி என்று, மேடையைக் காலி செய்ய ஓடினேன்.

“லைன்ல வாங்கம்மா” என்றார் ஒருவர்.

“மொதல்ல போனாரே, அது எங்க வூட்டுக்காரருங்க!”

“அவர்தான் போயிட்டாரே. நீங்க லைன்ல வாங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால், முதல் நாள் என்னிடம் அபிப்பிராயம் கேட்ட அதே அம்மாள். மேடை ஏறியதும், ரிசப்ஷனில் பெண்கள் செய்வதையே அவளும் செய்தாள். மணப்பெண்ணின் முந்தானையைக் கையில் எடுத்து, திருப்பி, தையலின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு கத்தினாள்: “அடியே, இது மாங்கா இல்லடி! முந்திரிப் பழம்!”

குனிந்து பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பழம், அடியில் சாம்பல் நூலில் கொட்டை. எல்லாப் பட்டுக்கும் போடுகிற மாங்காய் என்றுதான் கீழேயிருந்து நினைத்தேன். என் கண்ணைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை! பண்ருட்டி பக்கத்துக்காரி நான், முந்திரித் தோப்பில் ஓடி வளர்ந்தவள், எனக்கே தெரியவில்லை. முன்வரிசையில் கால்மேல் கால் போட்டவருக்கு எங்கே தெரியப் போகிறது.

“யாரு போட்டது இத? எம்பொண்ணு சடங்குக்கு எனக்கு இதே வேணும்” என்றாள் அந்த அம்மாள். பின்னாலிருந்தவள், “எனக்கு ஜாக்கெட்டுக்கு மட்டும் போட்டுத் தருவாங்களா?” என்றாள். நான் திரைப்பக்கம் திரும்பி, “இங்க வாடி!” என்று கூப்பிட்ட கூப்பாடு வாசல்வரை கேட்டிருக்கும். எதிர் குவார்ட்டர்ஸ் பெண் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அப்போது வாசலைப் பார்த்தேன். தூணடியில் அவள் அப்பா இல்லை. வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். இதெல்லாம் அக்கம்பக்கத்து விசாரிப்பு, இது கணக்கில் சேராது என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும், நான் வாயைத் திறந்தால் என்னவாகும் என்று காட்டுகிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்திருந்தேன்.

யாரையும் முந்தாமல், முறைப்படி வந்து படியேறினார். போட்டோக்காரர், “அண்ணே, பொண்ணு மாப்பிள்ள பக்கத்துல நில்லுங்க” என்றார்.

“அவங்க யாரோ. நான் எம்பொண்ணுகூட நிக்க வந்தேன்” என்றார்.

மணமக்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். நடுவில் அவரும் அவளும் நின்றார்கள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நேராக கேமராவைப் பார்த்தார். போட்டோ எடுத்து முடிந்தது. அவர் இறங்கப் போனார்.

“அப்பா, திங்கக்கெழம கோச்சிங்...” என்று அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

“பேசிகினு நிக்காத. இவ்ளோ ஜனம் காத்துகினு கீது பாரு” என்றார் அவர். “அளவு எடு.”