அடக்கப் பதிவேட்டில் அப்பாவின் பெயர்

என் அப்பா சாமுவேல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஜீவனஹள்ளியில் எங்களோடு இருக்கிறார். எங்கள் வம்சாவளியை எழுதிவைக்க ஆசைப்பட்டு, போன மாதம் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவருடைய பழைய சர்ச்சுக்குப் போனேன். வெள்ளைக்காரப் பாதிரியார் ஆங்கிலத்தில் எழுதிய பதிவேடுகள் அங்கே இருந்தன.

தாத்தா, பாட்டி பெயர்களோடு அப்பாவின் ஞானஸ்நானப் பதிவு உடனே கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில், இறந்தவர்களைப் புதைத்த விவரம் எழுதும் அடக்கப் பதிவேட்டையும் புரட்டினேன். அதே சாமுவேல், அதே பெற்றோர், வயது ஒன்றரை. அப்படியென்றால் வீட்டில் இருப்பவர் யார்?

பதறிப்போய் அப்பாவுக்கு போன் போடப் போனேன். சர்ச் அலுவலகத்து மேரி அக்கா தடுத்தார்.

"வயசானவர்கிட்ட போன்லயா இதெல்லாம் கேப்ப? அந்த ஞானஸ்நான புக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாரும்மா."

பார்த்தேன். இரண்டு வருடம் தள்ளி, அதே பெற்றோருக்கு இன்னொரு சாமுவேல்! இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"எங்கம்மா என் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது சில நேரம் கண்ணு கலங்கிடும். ஏன்னு இப்பதாம்மா புரியுது."

மேரி அக்காவை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் தேடிய பெயர் கிடைத்ததும் பதிவேட்டை மூடிவிடுவதில்லை. எங்கள் வம்சாவளியில் சாமுவேல் என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். மூத்தவருக்கு வயது ஒன்றரை. அவர் என் பெரியப்பா.